நடப்பு நிகழ்வுகளை மாதக் கணக்கில் படிப்பதா, பாடக் கணக்கில் படிப்பதா?

விருதை மாணவி | பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதல்நிலைத் தேர்வு எழுதினேன். விடைக்குறிப்பை வைத்துச் சரிபார்த்தேன். பொதுத்தமிழ் பரவாயில்லை, கணக்கிலும் பெரிய இழப்பு இல்லை. பொது அறிவில்தான் விழுந்திருக்கிறேன், அதிலும் நடப்பு நிகழ்வை ஒட்டி வந்த கேள்விகளில். நான் அதிகம் உழைத்ததே அந்தப் பகுதிக்குத்தான் என்பதால் மனது ஆறவில்லை.

14 மாத இதழ்கள் வாங்கி வைத்திருக்கிறேன். சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் மாதாமாதம் ஒரு தடித்த பி.டி.எஃப் அனுப்புவார்கள், அதையும் அச்செடுத்துப் படித்தேன். மூன்று நோட்டு நிறையக் குறிப்பு. ஆனால் தேர்வு அறையில் கேள்வியைப் பார்த்ததும் “இதைப் படித்திருக்கிறேன், இடது பக்கம் கீழே பச்சை மையில் எழுதியிருக்கிறேன்” என்பது வரை ஞாபகம் வருகிறது, விடை மட்டும் வரவில்லை. நான்கில் இரண்டை அடித்துவிட்டு மீதி இரண்டில் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன்.

போன வாரம் எழுதிய மாதிரித் தேர்விலும் இதே கதை. மகளிர் இடஒதுக்கீடு எத்தனையாவது அரசமைப்புச் சட்டத்திருத்தம் என்று கேட்டிருந்தார்கள். 128, 106 இரண்டுமே விடைகளில் இருந்தன. என் நோட்டில் ஒரு மாதத்தில் 128 என்றும் இன்னொரு மாதத்தில் 106 என்றும் எழுதியிருக்கிறேன். நான் 128-ஐக் குறித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மே மாதம் யு.பி.எஸ்.சி. முதல்நிலையும் எழுதிப் பார்க்க ஆசை. நடப்பு நிகழ்வை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்வது தவிர வேறு வழி இருக்கிறதா?

பணியில் ஒருவன் | பதிவு 2

தங்கச்சி, முதலில் அந்த 14 இதழ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் குரூப் 4 எழுதி கிராம நிர்வாக அலுவலராக வேலைக்கு வந்தவன். ஒரு வரிக் கேள்வி பதில்களைப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் ஐந்து தடவை திருப்பிப் படித்தேன், அவ்வளவுதான். புதிது புதிதாகப் படிப்பதை நிறுத்திவிட்டுப் படித்ததையே திரும்பப் படியுங்கள். மறதிக்கு வேறு மருந்து கிடையாது. 128-ஐயும் 106-ஐயும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தால் குழம்பியிருக்க மாட்டீர்கள்.

கோட்டூர்புரம் வாசகன் | பதிவு 3

அண்ணன் கடைசியாகச் சொன்ன வரியில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தால் குழப்பம் வந்திருக்காது. ஆனால் மாத வாரியாக நோட்டு போட்டால் அவை பக்கத்தில் வரவே வராது. மசோதா ஒரு மாத இதழில் இருக்கும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் அடுத்த இதழில் இருக்கும்.

நான் தமிழ் வழியில் இரண்டு முறை யு.பி.எஸ்.சி. மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) எழுதியவன். இன்னும் தேர்வாகவில்லை, அதனால் வெற்றி பெற்றவர் பேச்சாக இதை எடுக்க வேண்டாம். இரண்டு வருடம் நானும் மாத வாரியாகத்தான் நோட்டு போட்டேன். மூன்றாவது வருடம் எல்லாவற்றையும் பிரித்துத் தனித்தாள்களாக்கி, பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகளின் கீழ் அடுக்கினேன். அன்றிலிருந்து மறதி பாதியாகக் குறைந்தது.

உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மக்களவை, சட்டமன்றங்களில் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். மசோதாவாக வந்தபோது 128-வது திருத்த மசோதா. 2023 செப்டம்பர் 20-ல் மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. மறுநாள் மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. செப்டம்பர் 28-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். சட்டமானதும் அது 106-வது திருத்தச் சட்டம். எண் ஏன் மாறுகிறது? அறிமுகமாகும் திருத்த மசோதாக்கள் எல்லாமே சட்டமாவதில்லை. சில காலாவதியாகும், சில தோற்கும். மசோதாவுக்கு ஒரு வரிசை, சட்டத்துக்கு ஒரு வரிசை. சரக்கு மற்றும் சேவை வரிக்கும் இப்படித்தான், 122-வது மசோதா 101-வது சட்டமானது. இந்தக் காரணம் ஒரு தடவை மனதில் பட்டுவிட்டால், அடுத்து எந்தத் திருத்தம் வந்தாலும் எது மசோதா எண், எது சட்ட எண் என்று நீங்களே கேட்டுக்கொள்வீர்கள்.

இது செய்தியின் முதல் படிதான். சட்டத்தைப் படித்தால் புதிய உறுப்பு 334ஏ கண்ணில் படும். இச்சட்டத்துக்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதை வைத்துத் தொகுதி மறுவரையறை, அதன் பின்புதான் இடஒதுக்கீடு என்று அது சொல்கிறது. அப்போது கணக்கெடுப்பு எப்போது என்ற கேள்வி வருகிறது. 2025 ஜூன் 16-ல் அறிவிக்கை வந்தது, கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1, பனி சூழ்ந்த பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. சாதிவாரிக் கணக்கும் இதில் சேர்கிறது, முழுமையாக அப்படிக் கடைசியாக எடுத்தது 1931-ல். அப்புறம் மறுவரையறை. 1976-ல் 42-வது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படியே மக்களவை இடங்களை நிறுத்திவைத்தது. 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பக்கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தென் மாநிலங்கள் இடங்களை இழக்கக் கூடாது என்ற நம் ஊர் விவாதம் இங்கேதான் வந்து சேர்கிறது.

பாருங்கள், ஒரே செய்தி. அரசியலமைப்பு, மக்கள்தொகைப் புவியியல், கூட்டாட்சி என்று மூன்று பாடத்தில் கால் வைத்திருக்கிறது. இதை “செப்டம்பர் 2023” என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்தால் வேறு எங்கிருந்து போய்த் தேடுவோம்?

நெல்லைத் தம்பி | பதிவு 4

அண்ணா, அருமையாகச் சொன்னீர்கள். நானும் இப்படித்தான் தலைப்பு வாரியாக ஆரம்பித்திருக்கிறேன். ஆளுநர் தலைப்பில் நான் எழுதியதைப் போடுகிறேன், எல்லோருக்கும் பயன்படும்.

உறுப்பு 200, அதாவது மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றியது. தமிழ்நாடு எதிர் தமிழ்நாடு ஆளுநர் வழக்கு, 2025 ஏப்ரல் 8. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் உறுப்பு 142-ஐப் பயன்படுத்தி அறிவித்தார்கள். மறுபடி நிறைவேற்றி அனுப்பிய மசோதா என்றால் ஆளுநருக்கு ஒரு மாதம், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம் காலக்கெடு. இதுதான் இப்போதைய நிலை.

கோட்டூர்புரம் வாசகன் | பதிவு 5

தம்பி, ஏப்ரல் மாதத்துக்கு நீங்கள் எழுதியது எல்லாம் சரி. கடைசி வாக்கியம் மட்டும் இப்போது சரியில்லை. தயவுசெய்து இன்றைக்கே திருத்திவிடுங்கள்.

2025 மே 13-ல் குடியரசுத் தலைவர், நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழிசெய்யும் உறுப்பு 143(1)-ன் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20-ல் கருத்துரை சொன்னது. ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, “ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும்” என்பதும் அரசமைப்பில் இடமில்லாதது என்று சொல்லிவிட்டது. அதே சமயம் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்திவைத்துக்கொள்ளவும் அதிகாரம் இல்லை என்றது. ஒப்புதல் தரலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம், அல்லது கருத்துகளோடு சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம். காரணமே சொல்லாமல் நீண்ட காலம் செயல்படாமல் இருந்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள் என்ற அளவில் மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இந்தத் தலைப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன், அதனால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். முதல்நிலையில் “காலக்கெடு உண்டா இல்லையா” என்று கேட்பார்கள். மெயின்ஸில் கேட்பது வேறு. உறுப்பு 200-ல் “கூடிய விரைவில்” என்ற சொல் இருக்கிறது, அதற்கு எவ்வளவு நாள் என்று பொருள்? 143-ன் கீழ் வருவது கருத்துரை, தீர்ப்பு அல்ல. அப்படியானால் ஏப்ரல் தீர்ப்பின் நிலை என்ன? இதற்கு விடை எழுதப் பழைய பாடம் வேண்டும். ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்ற 1974-ன் சம்ஷேர் சிங் வழக்கு, மத்திய மாநில உறவை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம், அதே உறவை ஆராய்ந்து மசோதா மீது முடிவெடுக்க ஆறு மாதம் என்று பரிந்துரைத்த பூஞ்சி ஆணையம் எல்லாம் வேண்டும். நமக்கு 1969-ல் அமைத்து 1971-ல் அறிக்கை தந்த ராஜமன்னார் குழு இருக்கிறது. 2025 ஏப்ரலில் மாநில சுயாட்சி பற்றி ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு அரசு குழு அமைத்ததும் அதே வரிசையில் வருகிறது. ராஜமன்னாரைப் படித்தவருக்குக் குரியன் ஜோசப் குழு ஒரு வரியில் ஒட்டிக்கொள்ளும். படிக்காதவருக்கு அது இன்னொரு பெயர்.

ஏப்ரல் இதழை வைத்து எத்தனை பேர் இப்போதும் மூன்று மாதம் என்று மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்களோ என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

நெல்லைத் தம்பி | பதிவு 6

மிக்க நன்றி அண்ணா. என் நோட்டில் நவம்பர் கருத்துரையும் இருக்கிறது! ஆனால் வேறு பக்கத்தில், “உச்ச நீதிமன்றம்” என்ற தலைப்பில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இப்போதே ஒரே தாளில் மாற்றி எழுதுகிறேன்.

தஞ்சை டீச்சர் | பதிவு 7

கிராம நூலகத்தில் மாலை நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. பக்கம் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் நாம் யூனிட் 9 என்று சொல்லிப் பழகிய வளர்ச்சி நிர்வாகத்தில்தான் மாநில நடப்பு நிகழ்வு முழுவதும் இருக்கிறது. அதற்குப் பிள்ளைகள் எங்கெங்கோ தேடுகிறார்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைக்கும். தமிழிலேயே இருக்கும், அரசு இணையதளத்தில் இலவசம். திட்டம் எப்போது தொடங்கியது, யாருக்குத் தகுதி, எவ்வளவு தொகை எல்லாம் அரசே எழுதியது. பள்ளிக்கல்வி, சமூகநலம், மக்கள் நல்வாழ்வு, வேளாண்மை என்று நான்கு துறையை ஒழுங்காகப் படித்தாலே பெரிய பலன். மாநிலத் திட்டக் குழு 2025 மார்ச்சில் தமிழ்நாட்டின் முதல் பொருளாதார ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திட்டங்களின் தேதி மறக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். தேதி சும்மா வைக்கப்படுவதில்லை மா. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15, மதுரை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரம். செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள், காஞ்சிபுரம் அவர் பிறந்த ஊர். காலை உணவை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தது 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில், அது கலைஞர் பிறந்த ஊர். புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5, ஆசிரியர் நாள்.

இந்தப் புதுமைப் பெண் திட்டத்தை நான் வகுப்பில் ஒரு மாலை முழுக்க நடத்துவேன். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இது புதிதாக முளைத்தது இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவு திருமண உதவித் திட்டம் என்று இருந்ததைத்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போனது என்பதே ஒரு பெரிய கொள்கை மாற்றம், மெயின்ஸில் இதை எழுதலாம். சரி, யார் அந்த மூவலூர் அம்மையார்? தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். அங்கிருந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அங்கிருந்து 1947-ன் சென்னை மாகாண தேவதாசி ஒழிப்புச் சட்டம். நாம் யூனிட் 8-ல் படித்த சமூக சீர்திருத்தம் முழுவதும் ஒரு திட்டத்தின் பெயருக்குள் இருக்கிறது. காலை உணவும் அப்படியே. 1920-ல் நீதிக்கட்சிக் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் போட்ட சாப்பாடு, காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, இப்போது காலை உணவு. நூறு வருடக் கதையாகச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

பொறுமை | பதிவு 8

நான் திருப்பூரிலிருந்து. இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம், குழந்தை தூங்கியதும் இரவு ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் கிடைக்கிறது. நீங்கள் சொல்வதெல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒரு செய்திக்கு இத்தனை தூரம் போனால் ஒரு நாளைக்கு ஒரு செய்திதானே ஆகும்? நாளிதழ் ஒன்று போதுமா? டெலிகிராமில் சேர்ந்திருக்கிற ஆறு குழுக்களை என்ன செய்வது? தினமும் ஐம்பது அறுபது பி.டி.எஃப் வருகிறது, திறக்காமல் விட்டால் எதையோ இழப்பது மாதிரி பயமாக இருக்கிறது.

கோட்டூர்புரம் வாசகன் | பதிவு 9

அக்கா, அந்த ஆறில் ஐந்திலிருந்து வெளியே வந்துவிடுங்கள், மனதாரச் சொல்கிறேன். ஒரே செய்தியைத்தான் ஆறு பேரும் ஆறு விதமாக அடுக்கி அனுப்புகிறார்கள். ஒரு நாளிதழ் போதும். அதிலும் எல்லாப் பக்கமும் வேண்டாம். கட்சிக்காரர் ஒருவரை ஒருவர் திட்டிய செய்தி, விபத்து, கொலை, சினிமா எல்லாம் தாண்டிவிடலாம். தலையங்கம், நடுப்பக்கக் கட்டுரை, தீர்ப்புகள், ரிசர்வ் வங்கி, இஸ்ரோ, சுற்றுச்சூழல், மாநில அமைச்சரவை முடிவு. நாற்பது நிமிடம். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் தமிழிலும் செய்தி வெளியிடுகிறது, ‘திட்டம்’ மாத இதழும் தமிழில் வருகிறது.

ஒரு நாளைக்கு ஒரு செய்திதான் ஆகும் என்றீர்கள். ஆகட்டும் அக்கா. வருடத்துக்கு முந்நூறு தலைப்பு வருமே. நடைமுறையில் அத்தனைகூட இருக்காது, ஏனென்றால் பாதி நாள் ஏற்கெனவே இருக்கும் தாளில் ஒரு வரி சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடும்.

பணியில் ஒருவன் | பதிவு 10

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குரூப் 4-ல் 200 கேள்வி, மூன்று மணி நேரம். அதில் ராஜமன்னார் குழுவின் தத்துவத்தை யாரும் கேட்கப் போவதில்லை. விருது பெற்றவர் யார், போட்டி எங்கே நடந்தது, நியமிக்கப்பட்டவர் யார் என்று நேராகக் கேட்பார்கள். உலக சதுரங்க வாகையர் குகேஷ், 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், எதிராளி டிங் லிரென், வயது 18. இதில் என்ன பாடம் இருக்கிறது? மனப்பாடம்தான். ஜமாபந்தி (வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை) முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு வருகிறவனுக்கும், கைக்குழந்தையோடு இருக்கிற அந்தத் தங்கச்சிக்கும், முழுநேரம் நூலகத்தில் உட்காருகிறவர்களின் முறை அப்படியே பொருந்தாது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் படித்துவிட்டுத் தங்களால் முடியாது என்று விட்டுவிடக் கூடாதே என்றுதான்.

தஞ்சை டீச்சர் | பதிவு 11

தம்பி சொல்வது நியாயம். விருது, விளையாட்டு, நியமனம், புத்தகம், முக்கிய நாட்கள், இவற்றுக்கு ஒரு வரிக் குறிப்புதான். அதற்கு மாத இதழ் நல்ல துணை. தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் புரட்டினால் போதும், வருடம் முழுக்க அதைச் சுமக்க வேண்டாம் என்பது மட்டும் என் கருத்து.

கோட்டூர்புரம் வாசகன் | பதிவு 12

அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். குரூப் 4-க்கு நான் சொன்னது அளவுக்கு மிஞ்சியதுதான். முழு நேரம் படிக்கக் கிடைத்திருக்கிற வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை என்பதையும் நான் மறந்துவிடக் கூடாது.

ஆனால் எண்கள் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதம். பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25. மாத வாரியாகப் படித்தவர் தலையில் ஐந்து எண் சுற்றும். ஒரு தாளில் மேலிருந்து கீழே எழுதினால், அந்த ஆண்டு முழுக்க விலைவாசி தணிந்ததால் வட்டியைப் படிப்படியாக இறக்கியிருக்கிறார்கள் என்று கதையாகத் தெரியும். யு.பி.எஸ்.சி. எண்ணைக் கேட்பது அபூர்வம். பணக்கொள்கைக் குழுவில் எத்தனை பேர் (ஆறு), பணவீக்க இலக்கு என்ன (4 சதவீதம், மேலும் கீழும் 2), இலக்கை யார் நிர்ணயிப்பது (ரிசர்வ் வங்கியைக் கலந்து மத்திய அரசு), தொடர்ந்து மூன்று காலாண்டு தவறினால் என்ன (அரசுக்கு விளக்க அறிக்கை தர வேண்டும், 2022-ல் அப்படி நடந்தது) என்றுதான் கேட்கும். நாளைக்கு எண் மாறினாலும் இந்த விடைகள் அப்படியே இருக்கும். 2023-லிருந்து “மேற்கண்ட கூற்றுகளில் எத்தனை சரி” என்று கேட்கத் தொடங்கிய பிறகு, பாதி தெரிந்தவர் விடைகளைக் கழித்துத் தப்பிக்கும் வழி ரொம்பவே குறைந்துவிட்டது. தவறினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணும் போகும்.

விருதை மாணவி | பதிவு 13

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். தமிழ் வழியில் படிக்கும்போது ஒரே சொல்லுக்கு மூன்று பெயர் வருகிறது. ஒரு நாளிதழில் ஷரத்து, இன்னொன்றில் சட்டப்பிரிவு, பாடநூலில் உறுப்பு. ஒரு மாதிரித் தேர்வில் நிதிக் கொள்கை என்று வருகிறது, அது அரசின் வரிக் கொள்கையா, ரிசர்வ் வங்கியின் வட்டிக் கொள்கையா என்று தெரியாமல் தவறாக எழுதினேன். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோட்டூர்புரம் வாசகன் | பதிவு 14

இது நம் எல்லோருக்கும் இருக்கும் வலி. நான் ஒவ்வொரு தாளின் மேல் மூலையில் தமிழ்ச்சொற்கள் எல்லாவற்றையும், ஆங்கிலச் சொல்லையும் எழுதிவைப்பேன். உறுப்பு, சரத்து, ஷரத்து மூன்றும் ஒன்று. பிரிவு என்பதைச் சாதாரணச் சட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். வட்டி சம்பந்தப்பட்டதைப் பணக்கொள்கை என்றும், வரி செலவு சம்பந்தப்பட்டதை நிதிக்கொள்கை என்றும் எழுதுகிறேன். நாளிதழ்கள் இரண்டையும் நிதிக்கொள்கை என்றே எழுதிவிடுகின்றன, அதனால் சூழலைப் பார்க்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுத்தாளில் ஆங்கிலமும் அருகிலேயே இருக்கும். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் அதைப் பாருங்கள், மொழிபெயர்ப்பில் பிழை என்றால் ஆங்கிலப் பாடமே இறுதி.

நெல்லைத் தம்பி | பதிவு 15

அறிவியலுக்கு நான் ஒன்று செய்து பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். குலசேகரன்பட்டினம் ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அடிக்கல், தூத்துக்குடி மாவட்டம், சிறிய ஏவுகலமான எஸ்.எஸ்.எல்.வி.க்காக. இது வரை இதழில் இருந்தது. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இது எதற்கு என்று தேடினேன். துருவச் சுற்றுப்பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை வருகிறது, அதனால் ராக்கெட் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த இழப்பு தாங்காது. குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஊரிலிருந்து தசராவுக்குப் போகிற ஊர் அண்ணா அது, இதுவரை இப்படி யோசித்ததே இல்லை.

தஞ்சை டீச்சர் | பதிவு 16

மிகச் சரி தம்பி. அதே தாளில் ஸ்ரீஹரிகோட்டா ஏன் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, கிழக்கே ஏவினால் அந்த வேகமும் சேர்ந்து கிடைக்கும்.

விருதை மாணவி | பதிவு 17

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நோட்டுகளைப் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது மனது கஷ்டமாகத்தான் இருந்தது. 61 தலைப்பு வந்திருக்கிறது. பட்டியல் சாதியினரின் உள்ஒதுக்கீடு என்று ஒரு தாள். உள்ஒதுக்கீடு தரலாம் என்ற 2024 ஆகஸ்ட் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஏழு நீதிபதிகள், 6:1, பஞ்சாப் எதிர் தவிந்தர் சிங், கூடாது என்ற 2004-ன் சின்னையா தீர்ப்பு மாற்றப்பட்டது. கூடவே தமிழ்நாட்டில் 2009-லிருந்து இருக்கிற அருந்ததியர் 3 சதவீத உள்ஒதுக்கீடு. நான்கு வேறு இதழ்களில் நான்கு துண்டாக இருந்தவை. சேர்த்ததும் ஒரு தடவைதான் படித்தேன், இன்னும் மறக்கவில்லை.

சுற்றுச்சூழல் தாளில் ராம்சர் இடங்களை, அதாவது ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களைப் போடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

ராம்சர் என்பது ஈரானில் உள்ள நகரம். ஒப்பந்தம் 1971 பிப்ரவரி 2, அதனால்தான் அன்று உலக சதுப்புநில நாள். இந்தியாவின் முதல் இரண்டு இடங்கள் சிலிகா, கேவலாதேவ், 1981. தமிழ்நாட்டில் 2002-ல் கோடியக்கரை, அப்புறம் இருபது வருடம் வேறு எதுவும் இல்லை. 2022-ல் மட்டும் 13 சேர்ந்து 14. 2024 ஜனவரியில் கரைவெட்டி (அரியலூர்), லாங்வுட் சோலை (நீலகிரி), மொத்தம் 16. 2024 ஆகஸ்டில் கழுவேலி (விழுப்புரம்), நஞ்சராயன் (திருப்பூர்), மொத்தம் 18. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டை, தேர்தங்கல், இரண்டும் ராமநாதபுரம், மொத்தம் 20. நாட்டிலேயே அதிகம் தமிழ்நாட்டில்தான். வறண்ட ராமநாதபுரத்தில் ஏற்கெனவே சித்திரங்குடி, காஞ்சிரங்குளமும் பட்டியலில் இருக்கின்றன. கண்மாய்களும் அவற்றில் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களும் பறவைகளுக்கு இடம் கொடுப்பதால்தான் என்று எழுதியிருக்கிறேன். வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டம்.

பொறுமை | பதிவு 18

நஞ்சராயன் குளத்துக்குக் குழந்தையைப் பறவை பார்க்கக் கூட்டிக்கொண்டு போவேன். அது ராம்சர் பட்டியலில் இருப்பது இதைப் படித்துத்தான் தெரிந்தது. இனி மறக்காது. டெலிகிராம் குழுக்கள் ஐந்திலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

பணியில் ஒருவன் | பதிவு 19

தாள் நன்றாக இருக்கிறது தங்கச்சி. ஒரு திருத்தம். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இப்போது செங்கல்பட்டு மாவட்டம். 2019-ல் காஞ்சிபுரத்தைப் பிரித்தார்கள். பழைய புத்தகத்தில் காஞ்சிபுரம் என்றுதான் இருக்கும். அந்த வருடம் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டையும் வந்தன, 2020-ல் மயிலாடுதுறை, மொத்தம் 38. உங்கள் மற்ற தாள்களில் மாவட்டப் பெயர் வருகிற இடத்தையெல்லாம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆதித்யா எல் 1 திட்ட இயக்குநர் நிகர் சாஜியின் செங்கோட்டை திருநெல்வேலி என்று இருந்தால் அதையும் தென்காசி என்று மாற்றுங்கள்.

விருதை மாணவி | பதிவு 20

நன்றி அண்ணா, திருநெல்வேலி என்றுதான் எழுதியிருந்தேன். மாற்றிவிட்டேன். இன்றைக்கு இரவு 61 தாளிலும் மாவட்டங்களைச் சரிபார்த்துவிட்டு, நாளைக்குத் தொகுதி மறுவரையறைத் தாளை இங்கே போடுகிறேன்.